கடல் நீலம் முதல் கரித்தூள் வரை: சர் சி.வி. ராமன்



முதலாண்டு பிசிக்ஸ் லேப் எல்லோருக்கும் நினைவிருக்கும். கறுப்புத் திரை போட்ட இருட்டறை. மஞ்சளாக எரியும் சோடியம் விளக்கு. மேஜை மேல் ஸ்பெக்ட்ரோமீட்டர், அதன் நடுவில் ஒரு கண்ணாடிப் பட்டகம். ஒரு கருவிக்கு ஆறு பேர். முதல் ரெண்டு பேர் பார்ப்பார்கள், மிச்ச நாலு பேர் எழுதிக்கொள்வார்கள். நான் அந்த நாலு பேரில் ஒருவன். சிறும திசைமாற்றக் கோணம் என்று சொல்கிறார்களே, அதை நான் கண்ணால் பார்த்ததே கிடையாது. சீனியர் ரெக்கார்டில் ஒளிவிலகல் எண் 1.5 என்று இருக்கும். அதை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங்கை எழுதிவிடுவேன். கையெழுத்தும் கிடைத்துவிடும்.

இந்த மலருக்காக ராமனைப் பற்றி எழுத உட்கார்ந்தபோதுதான் அந்த ரெக்கார்டு நோட்டு என்னை உறுத்த ஆரம்பித்தது. ஏனென்றால் இந்த மனிதரின் வாழ்க்கை முழுக்க ஒரே விஷயம்தான்: பெரியவர்கள் எழுதிவைத்த விடையைப் பார்த்து எழுதாமல், தானே கண்ணை வைத்துப் பார்த்தார். அவ்வளவுதான்!

காவிரிக்கரைப் பிள்ளை

சந்திரசேகர வெங்கட ராமன் 1888 நவம்பர் 7ஆம் நாள் திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர், தாய் பார்வதி அம்மாள். தந்தைக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி விரிவுரையாளர் வேலை கிடைக்க, குடும்பம் அங்கே போயிற்று. பையன் 11 வயதில் மெட்ரிகுலேஷன் தேறிவிட்டான். அடுத்து சென்னை பிரசிடென்சி கல்லூரி. 1904ல் பி.ஏ. பட்டம், பல்கலைக்கழகத்திலேயே முதலிடம், இயற்பியலில் தங்கப் பதக்கம். அப்போது வயது 16கூட நிறையவில்லை.

எம்.ஏ. படிக்கும்போதே ஒரு வேலை செய்தார். நம் லேபில் இருக்கும் அதே ஸ்பெக்ட்ரோமீட்டர், அதே பட்டகம். ஒளியைப் பட்டகத்தின் முகத்தில் மிகச் சாய்வாக விழச் செய்தபோது, விளிம்பு விளைவுப் பட்டைகள் இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லாமல் இருப்பதைக் கவனித்தார். மற்றவர்கள் பார்த்தும் விட்டுவிடுகிற சமாச்சாரம். அவர் விடவில்லை. அதை ஆராய்ந்து எழுதிய கட்டுரை லண்டனிலிருந்து வெளிவந்த பிலசாபிகல் மேகசின் இதழில் 1906 நவம்பரில் அச்சேறியது. வயது 18. அந்தக் கல்லூரியிலிருந்து அதற்கு முன்னால் ஆய்வுக் கட்டுரை எழுதிய வழக்கமே இல்லை.

பகலில் கணக்கு, மற்ற நேரத்தில் ஒளி

இங்கிலாந்து போய்ப் படிக்க வேண்டியது. ஆனால் உடம்பைச் சோதித்த டாக்டர், அந்தக் குளிரை இந்தப் பையன் தாங்கமாட்டான் என்று தடுத்துவிட்டார். அந்தக் காலத்தில் படித்தவனுக்கு முன்னால் இருந்த பெரிய வழி அரசாங்க வேலை. இந்திய நிதித்துறைத் தேர்வு எழுதினார், அதிலும் முதலிடம். 1907ல் லோகசுந்தரி அம்மையாரை மணந்துகொண்டு, அதே ஆண்டில் கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகப் போய்ச் சேர்ந்தார். நல்ல சம்பளம், பெரிய பதவி. சாதாரண ஆளாக இருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

ஒருநாள் பௌபஜார் வீதி வழியாகப் போகும்போது ஒரு பெயர்ப் பலகை கண்ணில் பட்டது. இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876ல் தொடங்கியது. கருவிகள் இருந்தன, அறைகள் இருந்தன, ஆராய்ச்சி செய்யத்தான் ஆள் இல்லை. ராமன் உள்ளே போய் அனுமதி கேட்டார். அன்றிலிருந்து அதிகாலையில் ஆய்வகம், பகலில் ஆபீஸ், மாலையில் மறுபடி ஆய்வகம். இடையில் ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றல் வந்தது. 1911ல் மீண்டும் கல்கத்தா வந்துவிட்டார். இப்படியே பத்து வருஷம்! துணைக்கு அசுதோஷ் தே என்ற உதவியாளர். எல்லோருக்கும் அவர் ஆஷு பாபு. பட்டம் எதுவும் இல்லாத அவருடைய கைத்திறன் ராமனின் பல சோதனைகளுக்கு ஆதாரமாக நின்றது. டிப்ளமோ என்றாலே இளக்காரமாகப் பார்க்கிறவர்களிடம் நாம் ஆஷு பாபு கதையைத் தாராளமாகச் சொல்லலாம்.

அந்த நாட்களில் ராமன் ஒலியில்தான் மூழ்கியிருந்தார். வயலின், வீணை, தம்புரா என்று ஒன்றையும் விடவில்லை. மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணத் தோல் முரசைத் தட்டினால் எழும் அதிர்வுகள் ஒன்றோடொன்று சுருதி சேராது. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே கறுப்பாக அப்பியிருக்கிறதே, அந்தப் பாரம்தான் அதிர்வுகளை ஒழுங்குபடுத்தி, நாதமாக மாற்றுகிறது. 1920ல் நேச்சர் இதழில் இதை வெளியிட்டார். ஒரு பொருள் எப்படி அதிர்கிறது என்பதைக் கேட்டால், அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிடலாம்! இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1917ல் அசுதோஷ் முகர்ஜி, கல்கத்தா பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவிக்கு ராமனை அழைத்தார். ஏற்றால் சம்பளம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அந்தப் பதவிக்கு வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. பயிற்சிக்காக வெளிநாடு போக ராமன் சம்மதிக்கவில்லை. விதியைத்தான் தளர்த்தினார்கள். பாதிச் சம்பளத்துக்கு மகிழ்ச்சியாகப் போனார்.

கப்பல் தளத்தில் ஒரு சந்தேகம்

1921ல் ஆக்ஸ்போர்டில் பல்கலைக்கழகங்களின் மாநாடு. திரும்பி வரும்போது நர்குண்டா என்ற கப்பல். மத்தியதரைக் கடல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆழ்ந்த நீலம். கடல் ஏன் நீலம்? வானத்தின் நீலம் பிரதிபலிப்பதால்தான் என்று மாமேதை ராலே பிரபு சொல்லியிருந்தார். நோபல் பரிசு வாங்கியவர் சொன்னது. வேறு யாராக இருந்தாலும் அப்படியே ஏற்றுக்கொண்டிருப்பார்கள்.

ராமன் தன்னிடமிருந்த ஒரு நிக்கல் பட்டகத்தை எடுத்துக்கொண்டு கப்பல் தளத்துக்கு வந்தார். பெயரைப் பார்த்து உலோகம் என்று நினைத்துவிடாதீர்கள். நிக்கல் என்பவர் கண்டுபிடித்த கால்சைட் படிகப் பட்டகம் அது. நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் அதை வைத்து மறைத்துவிடலாம். மறைத்தார். வானத்தின் பிரதிபலிப்பு போயிற்று. ஆனால் நீலம் போகவில்லை, இன்னும் ஆழமாகத் தெரிந்தது! அப்படியானால் தண்ணீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன. பம்பாய்த் துறைமுகம் வந்ததும் நேச்சர் இதழுக்குக் கடிதம் எழுதி அனுப்பிவிட்டுத்தான் ஊர் திரும்பினார்.

பிப்ரவரி 28

அதற்கப்புறம் ஏழு வருஷம் ஒளிச்சிதறல், ஒளிச்சிதறல், ஒளிச்சிதறல். 1923ல் கே.ஆர். ராமநாதன் தண்ணீரில் சிதறிய ஒளியோடு, நிறம் மாறிய ஒரு மங்கலான ஒளியும் வருவதைப் பார்த்தார். அழுக்கினால் வரும் ஒளிர்வு என்று முதலில் நினைத்தார்கள். திரவத்தை எத்தனை முறை சுத்தம் செய்தும் அது போகவில்லை. 1927 கடைசியில் வெங்கடேஸ்வரன் என்ற மாணவர் சுத்தமான கிளிசரினில் அதையே பளிச்சென்று பச்சையாகப் பார்த்தார். ராமன் உடனே வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனை அழைத்து, கணக்குக் கோட்பாட்டை ஒதுக்கிவைத்துவிட்டு இதில் இறங்கச் சொன்னார்.

கருவி என்ன தெரியுமா? சூரிய ஒளியைக் குவிக்க ஒரு தொலைநோக்கி லென்ஸ். நீல ஊதாவை மட்டும் உள்ளே விட ஒரு வடிகட்டி. குடுவையில் திரவம். எதிர்ப்புறம், அந்த நீல ஊதாவை முழுசாகத் தடுக்கும் இன்னொரு வடிகட்டி. அதன் பின்னால் மனிதக் கண். உள்ளே போன நிறமேதான் சிதறி வருகிறது என்றால் கண்ணுக்கு ஒன்றுமே தெரியக்கூடாது. ஆனால் தெரிந்தது! ஒன்றிரண்டு திரவத்தில் அல்ல, அறுபதுக்கும் மேற்பட்ட திரவங்களில்.

1928 பிப்ரவரி 28ஆம் நாள் ஒளியை நிறமாலைமானி வழியாகப் பார்த்தார்கள். உள்ளே போன ஒளியிலிருந்து தள்ளி, நடுவில் ஒரு இருட்டு இடைவெளி விட்டு, புதிய ஒளி தனியாக நின்றது. பிறகு பாதரச விளக்கை வைத்தபோது கூர்மையான கோடுகளே கிடைத்தன. அந்த நாளைத்தான் 1987 முதல் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம்.

ராமன் விளைவு என்றால் என்ன? பஸ்ஸில் போவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒளித்துகள் ஒரு நோட்டு. மூலக்கூறு கண்டக்டர். பெரும்பாலும் நோட்டு அப்படியே திரும்பி வந்துவிடும். எப்போதாவது ஒருதரம் கண்டக்டர் டிக்கெட் காசை எடுத்துக்கொண்டு பாக்கியைத் தருவார். அந்தக் காசில்தான் மூலக்கூறு அதிர்கிறது. பாக்கி எவ்வளவு என்று எண்ணினால் டிக்கெட் விலை தெரிந்துவிடும். ஒவ்வொரு பொருளுக்கும் டிக்கெட் விலை வேறு. ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கும் மூலக்கூறு சில சமயம் கையிலிருந்து போட்டு அதிகமாகவும் தரும். ஆனால் இந்தப் பட்டுவாடா, ஏறத்தாழ ஒரு கோடி ஒளித்துகள்களில் ஒன்றுக்குத்தான் நடக்கிறது. அதனால்தான் அந்தக் கோடுகளைப் படமெடுக்க மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் காத்திருந்தார்கள்.

பரிசும் பங்கும்

1924லேயே ராயல் சொசைட்டி உறுப்பினர். 1929ல் சர் பட்டம். 1930ல் இயற்பியல் நோபல் பரிசு. அறிவியலுக்காக அதைப் பெற்ற முதல் ஆசியர் இவர்தான்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பரிசு ராமன் ஒருவருக்கே வந்தது. கூடவே நின்று கண்ணை வருத்தி அளவெடுத்த கிருஷ்ணனுக்குப் பங்கு இல்லை. அதே பிப்ரவரியில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க்கும் மாண்டல்ஷ்டாமும் குவார்ட்ஸ் படிகத்தில் இதே விளைவைப் பார்த்திருந்தார்கள். அவர்கள் வெளியிடத் தாமதமாயிற்று. கண்டுபிடிப்பு ஒரு கையால் வருவதில்லை, பெயர் மட்டும் ஒன்றாக நிற்கிறது. கிருஷ்ணன் பின்னாளில் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராகி, தனக்கென்று பெரிய பெயரைச் சம்பாதித்துக்கொண்டார்.

பெங்களூர் நாட்கள்

1933ல் ராமன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார்; அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர். 1934ல் இந்திய அறிவியல் அகாடமியைத் தொடங்கினார். கழகத்தில் அவருக்கும் நிர்வாகத்துக்கும் ஒத்துவரவில்லை. 1937ல் இயக்குநர் பதவியை விட்டார். பேராசிரியராக 1948 வரை தொடர்ந்தார்.

பிடிவாதம் அவருடைய பலம், அதுவே பலவீனமும். 1933ல் படிக்க வந்த கமலா என்ற பெண்ணை, பெண் என்பதற்காகவே சேர்க்க மறுத்தார். அந்தப் பெண் விடாமல் நின்றார், நிபந்தனைகளோடு இடம் பெற்றார், தன் உழைப்பால் ராமனின் எண்ணத்தையே மாற்றினார். பின்னாளில் பேர்பெற்ற உயிர்வேதியியலாளர் கமலா சோகோனி அவர்தான். அப்புறம் ராமனின் ஆய்வகத்திலேயே அன்னா மணி போன்ற பெண்கள் வைரத்தை ஆராய்ந்தார்கள்.

ஆமாம், வைரம்! ராமனுக்கு அது தீராத மோகம். 1930ல் சி. ராமசாமி என்பவர் வைரத்தின் ராமன் கோட்டைக் கண்டுபிடித்திருந்தார்: 1332. இந்த எண்ணை அலை எண் என்பார்கள். ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலை என்ற கணக்கு. சுத்தமான வைரம் எங்கே கிடைத்தாலும் அதே ஒற்றைக் கோடு. அந்த அதிர்வுகளுக்கு விளக்கம் சொல்வதில்தான் ராமன் சறுக்கினார். படிகத்தில் சில தனித்தனி அதிர்வுகள் மட்டுமே உண்டு என்றார். இல்லை, அதிர்வுகள் தொடர்ச்சியாகப் பரவியிருக்கும் என்பது மாக்ஸ் பார்ன் கணக்கு. அந்த பார்னை ஒரு காலத்தில் பெங்களூருக்கு வரவழைத்தவரே ராமன்தான்! சண்டை வருஷக்கணக்கில் நடந்தது. நியூட்ரான் சோதனைகள் வந்தபோது பார்ன் பக்கமே சரி என்று ஆயிற்று. ராமன் கடைசிவரை இறங்கி வரவில்லை. ராலேயின் விடையைத் துணிந்து சோதித்தவர், தன் விடையை அதே துணிவோடு சோதிக்கவில்லை. பெரியவர்களின் வாழ்க்கையில் இந்தப் பக்கத்தையும் நாம் படிக்கத்தான் வேண்டும்.

1948ல் ராமன் ஆராய்ச்சி நிலையம் உருவாயிற்று. 1954ல் பாரத ரத்னா. கடைசி வரைக்கும் பூக்களின் நிறம், கற்களின் ஒளி, கண்ணின் பார்வை என்று ஏதாவது ஒன்றை நோண்டிக்கொண்டே இருந்தார். 1970 நவம்பர் 21ஆம் நாள் காலமானார். அவர் விருப்பப்படியே நிலையத்துத் தோட்டத்திலேயே உடல் எரியூட்டப்பட்டது. அந்த இடத்தில் கல்லறை இல்லை, ஒரு மரம் நிற்கிறது.

அவர் பார்க்காத கரிக்குழாய்

கதை அங்கே முடியவில்லை. ராமன் மறைந்த அதே 1970ல், துயின்ஸ்ட்ரா, கோனிக் என்ற இருவர் கிராஃபைட்டின் ராமன் நிறமாலையை வெளியிட்டார்கள். ஒழுங்கான கிராஃபைட் படிகத்தில் 1575 அருகே ஒரே கோடு. பொடியான, ஒழுங்கு கெட்ட கிராஃபைட்டில் கூடவே 1355 அருகே இன்னொரு கோடு. படிகத் துணுக்கு எவ்வளவு சின்னதோ, இந்த ரெண்டாவது கோடு அவ்வளவு பலம். அதாவது, குறை எவ்வளவு என்று பொருளே வாய் திறந்து சொல்கிறது!

1991ல் ஜப்பானில் சுமியோ ஈஜிமா கார்பன் நானோ குழாய்களை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டு உலகுக்குக் காட்டினார். 1993ல் ஒற்றைச் சுவர் குழாய்கள் வந்தன. கோழிக்கூண்டு வலை மாதிரி அறுகோணமாகப் பின்னிய கார்பன் தாளைப் பாய் போலச் சுருட்டினால் அதுதான் நானோ குழாய். விட்டம் ஏறக்குறைய ஒரு நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பாயை நேராகச் சுருட்டினால் ஒரு குணம், கோணலாகச் சுருட்டினால் வேறு குணம். மூன்றில் ஒரு பங்கு உலோகம் மாதிரி மின்சாரம் கடத்தும், மூன்றில் இரண்டு பங்கு குறைகடத்தி.

சிக்கல் எங்கே? தயாரித்து எடுத்தால் கையில் இருப்பது கறுப்புத் தூள். அடுப்புக் கரிக்கும் அதற்கும் கண்ணால் வித்தியாசம் தெரியாது. குழாய் இருக்கிறதா, எத்தனை பருமன், உலோகமா குறைகடத்தியா, பழுது எவ்வளவு? இந்தக் கேள்விகளுக்கு வெட்டாமல், கரைக்காமல், சில நிமிஷத்தில் பதில் சொல்வது ராமன் நிறமாலை.

நுண்ணோக்கி வழியாக லேசர் ஒளியைத் தூள் மேல் விடுகிறார்கள். சிதறி வரும் ஒளியில் பழைய நிறத்தை ஒரு வடிகட்டி தடுக்கிறது. மிச்சத்தைக் கீற்றணி பிரிக்கிறது, மின்னணு உணரி எண்ணுகிறது. யோசித்துப் பாருங்கள்: சூரியன் இருந்த இடத்தில் லேசர், கண் இருந்த இடத்தில் உணரி. ரெண்டு வடிகட்டி யோசனை கல்கத்தாவில் செய்த அதேதான்!

கிடைக்கும் படத்தில் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். 1590 அருகே உயர்ந்து நிற்பது கார்பன் தாளின் சொந்த அதிர்வு. குறைகடத்திக் குழாயில் அது கூர்மையாக இருக்கும், உலோகக் குழாயில் அதன் கீழ்ப்பகுதி அகன்று சரிந்திருக்கும். 1350 அருகே வருவது குறையின் கோடு. குறைக்கோடு உயரமாக இருந்தால் சரக்கு மட்டம். அந்தக் குறைக்கோட்டுக்கு இன்று சொல்லும் விளக்கமே பார்ன் வழியில் வந்த தொடர் அதிர்வுக் கணக்கில்தான் நிற்கிறது என்பது வரலாற்றின் வேடிக்கை.

மூன்றாவதுதான் அழகு. 100 முதல் 300 வரையிலான இடத்தில் ஒரு கோடு. குழாய் மூச்சு விடுவது போல முழுசாக விரிந்து சுருங்கும் அதிர்வு அது. பருமனான குழாய்க்குத் தாழ்ந்த சுருதி, மெலிந்த குழாய்க்கு உயர்ந்த சுருதி. 1997ல் ஏ.எம். ராவ், மில்ட்ரெட் டிரெஸ்ஸல்ஹாஸ், ரிச்சர்ட் ஸ்மாலி முதலானோர் இந்த அதிர்வுக்கும் விட்டத்துக்கும் உள்ள உறவைக் காட்டினார்கள். சிலிக்கா மேல் தனியாகக் கிடக்கும் குழாய்க்கு 2001ல் கண்ட கணக்கு ரொம்ப எளிது: 248ஐ அந்த அலை எண்ணால் வகுத்தால் விட்டம் நானோமீட்டரில் வந்துவிடும். கோடு 200ல் இருந்தால் விட்டம் 1.24. லேசரின் ஆற்றல் குழாயின் எலெக்ட்ரான் நிலைகளோடு ஒத்துப்போனால் சிதறல் பல மடங்கு கூடும். அதனால்தான் ஒற்றைக் குழாய்கூட நமக்குக் கேட்கிறது. மிருதங்கத்தை ஞாபகம் வைக்கச் சொன்னேனே, இதற்குத்தான்!

கீழடிப் பானையில்

இன்னொரு செய்தி. கீழடி அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளின் உட்புறத்தில் ஒரு கறுப்புப் பூச்சு. வேலூரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அதை ராமன் நிறமாலை, எலெக்ட்ரான் நுண்ணோக்கி முதலிய முறைகளால் ஆராய்ந்து, அதில் கார்பன் நானோ குழாய்கள் இருப்பதாக 2020ல் வெளியிட்டார்கள். ஒற்றைச் சுவர் குழாய்களின் சராசரி விட்டம் சுமார் 0.6 நானோமீட்டர். அந்தப் பானைகளின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று அவர்கள் குறித்திருக்கிறார்கள். பானை வனைந்தவருக்கு நானோ தெரியாது, தீயைத் தெரியும். இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் கழித்து, காவிரிக்கரையில் பிறந்த ஒருவர் கண்ட ஒளி, வைகைக்கரைப் பானையின் கரியைப் படித்திருக்கிறது. எழுதும்போதே சிலிர்க்கிறது.

நண்பர்களே, இதை எழுதி முடித்த மறுநாள் நான் முதலாண்டு லேபுக்குப் போனேன். லேப் அண்ணனிடம் கேட்டு, யாரும் இல்லாத மதிய நேரத்தில் ஸ்பெக்ட்ரோமீட்டரை எடுத்து வைத்தேன். பட்டக மேஜையைத் திருப்பத் திருப்ப மஞ்சள் கோடு ஒரு பக்கமாக நகர்ந்து, ஓர் இடத்தில் நின்று, வந்த வழியே திரும்பியது. அந்த நின்ற இடம்தான் சிறும திசைமாற்றம்! மூன்று வருஷம் படித்துவிட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன். கணக்குப் போட்டால் 1.52 வந்தது. சீனியர் ரெக்கார்டில் இருந்த எண் இல்லை அது. ஆனால் அது நான் பார்த்த எண்.

ஜூனியர் தம்பி தங்கைகளே, உங்கள் பேட்ச்சில் அந்த நாலு பேரில் ஒருவராக நிற்காதீர்கள். முட்டி மோதியாவது ஒருதரம் கண்ணை வைத்துப் பார்த்துவிடுங்கள்.